மூக்கை வெட்டினாலும் நேராகப் போன குண்டு: டாக்டர் மேன் சோதனைகளும் இன்றைய குண்டு பிரிப்பும்

ரைஃபிள் சுடுதலில் துல்லியத்தைத் தேடி இறங்குகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு தராசு வாங்கிவிடுகிறார்கள். நூறு குண்டுகள் கொண்ட பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடை போட்டு, 0.1 கிரெய்னுக்கு ஒரு குவியல் என்று மேசை முழுக்கப் பரப்புகிறார்கள். (ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம்.) அப்புறம் நீளம் அளக்கும் காலிப்பர் வருகிறது, குண்டின் வளைவில் ஓரிடத்தைப் பிடித்து அளக்க அதற்கு மாட்டும் கம்பரேட்டர் வருகிறது, மூக்கு நுனியைச் சீவும் கருவி வருகிறது. மாலை நேரங்கள் எல்லாம் இதிலேயே போகின்றன. இவ்வளவு செய்தும் இலக்குத் தாளில் பலருக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. அளப்பதற்கு எளிதாக இருப்பதை அளக்கிறார்கள். குண்டை விலக்குவது எதுவோ அதை அளப்பதில்லை. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எது குண்டை விலக்குகிறது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே டாக்டர் மேன் என்ற அமெரிக்கர் ஒருவர் பதில் தேடினார். நல்ல குண்டுகளை வேண்டுமென்றே கெடுத்து, கெடுத்ததைச் சுட்டுப் பார்த்தார். அவருடைய சோதனைகளை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு அந்த முறைதான் காரணம். அவர் கண்டவற்றை வைத்துப் பார்த்தால், இன்று நாம் செய்யும் ஒவ்வொரு பிரிப்பும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது தெளிவாகிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். குண்டைத் தனியாக வாங்கித் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன்.

மில்ஃபோர்டில் ஒரு கான்கிரீட் தூண்

ஃபிராங்க்ளின் வேர் மேன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர், 1856இல் பிறந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர், ஆனால் அந்தத் தொழிலில் நீடிக்கவில்லை. கோழித் தீவனத்துக்காகப் பச்சை எலும்பை அரைக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, மில்ஃபோர்டில் அதைத் தயாரித்து விற்றார். அந்த வருமானம்தான் அவருடைய சோதனைகளுக்குச் செலவானது. 1909இல் தன் பல ஆண்டுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார், 1916இல் இறந்தார். அவருக்குக் குழல் செய்து கொடுத்தவர்களில் ஹாரி போப் ஒருவர். அந்தக் காலத்தில் போப் குழல் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அடால்ஃப் நீட்னர் என்ற துப்பாக்கிக் கைவினைஞரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்.

மேனை வாட்டிய கேள்வி எளிமையானது. அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே அச்சில் வார்த்த குண்டு, சுடுகிறவரும் அதே ஆள். அப்படியிருந்தும் ஏன் எல்லாத் துளையும் ஒரே இடத்தில் விழுவதில்லை?

இதற்கு அவர் குண்டிலிருந்து தொடங்கவில்லை. மற்ற பிழைகளை எல்லாம் முதலில் வெளியேற்ற முயன்றார். மனிதக் கையும் கண்ணும் வேண்டாம் என்று தோள்கட்டையையே கழற்றிவிட்டார். குழலின் வெளிப்புறத்தில், குழல் துளையோடு ஒரே மையம் கொண்ட வளையங்களைப் பொருத்தினார். அந்த வளையங்களோடு குழலை வி வடிவப் பள்ளம் கொண்ட இரும்புப் படுக்கையில் வைத்தார். சுட்டதும் குழல் பள்ளத்தில் நேராகப் பின்னுக்கு வழுக்கிப் போகும். திரும்பத் தள்ளி வைத்தால் அதே இடத்தில் உட்காரும். குழலை எந்தக் கோணத்துக்குத் திருப்பி வைத்தாலும் அச்சு மாறாது. அந்தப் படுக்கையைத் தரையில் ஊன்றிய கான்கிரீட் தூண் ஒன்றின் மேல் பொருத்தினார். அசையவே அசையாத அந்தத் தூணுக்கு அவர் ஜிப்ரால்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

குண்டு போகும் வழியில் காற்று படாமல் மறைப்புக் கட்டினார். பாதை நெடுக இடைவெளி விட்டு மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தினார். குண்டு ஒவ்வொரு திரையையும் துளைத்துக்கொண்டு போகும். துளை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் பறக்கிறது, நீள்வட்டமாக இருந்தால் சாய்ந்திருக்கிறது. துளைகளின் மையங்களை வரிசையாகக் குறித்தால் பாதை தெரிந்துவிடும். அதிவேகக் கேமரா இல்லாத காலத்தில், பறக்கும் குண்டின் ஆட்டத்தைக் காகிதத்தில் பிடித்துவிட்டார். கருவி இல்லை என்று சும்மா இருந்துவிடாத அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மூக்கு, அடி, பக்கம்

மேடை தயாரானதும் குண்டுகளைக் கெடுக்கத் தொடங்கினார். முதலில் மூக்கு. நுனியை வெட்டினார், நசுக்கினார், கோணலாக்கினார். பார்த்தால் இது எங்கே நேராகப் போகப்போகிறது என்று தோன்றும் குண்டுகள். ஆனால் குறுகிய தூரத்தில் குரூப் பெரிதாகக் கெடவில்லை. (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டத்தைச் சுடுகிறவர்கள் குரூப் என்பார்கள்.)

அடுத்து அடிப்பகுதி. குண்டின் அடி விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவினார். கண்ணுக்குச் சிறிய மாற்றம், மூக்கில் செய்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் இலக்கில் துளைகள் விலகி ஓடின. குண்டு குழல் வாயைத் தாண்டும் நொடியில், அதன் அடிக்குப் பின்னால் மிகுந்த அழுத்தத்தில் வாயு இருக்கிறது. அடி விளிம்பு சுற்றிலும் ஒரே நேரத்தில் வாயைத் தாண்டினால் வாயு எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும். ஒரு பக்கம் முன்னதாகத் திறந்துவிட்டால் அந்தப் பக்கமாக வாயு பீறிடும். குண்டு சாய்வோடு பயணத்தைத் தொடங்கும். போப் தன் குழல்களில் குண்டை வாய்ப்பக்கமிருந்து உள்ளே இறக்கும் முறையை வைத்திருந்ததற்கும் இதோடு தொடர்பு உண்டு. அப்படி இறக்கினால் குழலின் புரிகள் (குண்டைச் சுழற்ற உட்சுவரில் முறுக்கி வெட்டிய வரிகள்) ஈயத்தை இழுத்து அடி விளிம்பில் பிசிறு கட்டாது. அடி சுத்தமாக இருக்கும்.

மூன்றாவதாகப் பக்கம். குண்டின் ஒரு பக்கத்தில் துளை போட்டு எடையைச் சமனில்லாமல் ஆக்கினார். வெளியே உருவம் மாறாது, ஆனால் எடை மையம் நடு அச்சிலிருந்து ஒரு பக்கம் தள்ளிப் போயிருக்கும். இந்தக் குண்டைக் குழலில் வைக்கும்போது துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். மேலே வைத்துச் சுட்டார், வலப்பக்கம் வைத்துச் சுட்டார், கீழே, இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுட்டார். இலக்கில் துளைகளும் அதற்கேற்ப இடம் மாறின. சமனில்லாத குண்டு கண்டபடி சிதறவில்லை. ஒரு ஒழுங்கோடு, முன்கூட்டியே சொல்லக்கூடிய திசையில் விலகியது.

குண்டு பிரிப்பைப் பற்றிப் பேசும் எவரும் இந்த மூன்றாவது சோதனையில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

ஏன் விலகுகிறது

குழலுக்குள் இருக்கும்வரை குண்டு குழலின் அச்சைச் சுற்றித்தான் சுழல முடியும், சுவர் விடாது. எடை மையம் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் அது ஒரு சிறு வட்டத்தில் சுற்றிக்கொண்டே முன்னேறும். குழலை விட்டு வெளியே வந்ததும் சுவர் இல்லை. அந்த நொடியில் எடை மையம் வட்டத்தின் எந்த இடத்தில் இருந்ததோ, அங்கிருந்து தொடுகோட்டுத் திசையில் கிளம்பிவிடும். குண்டை வலப்பக்கமாகச் சுழற்றும் வலப்புரிக் குழலில், வாயைத் தாண்டும்போது கனமான பக்கம் மேலே இருந்தால் குண்டு வலப்பக்கம் விலகும்.

எவ்வளவு விலகும் என்பதற்குக் கணக்கு எளிது. எடை மையம் தள்ளியிருக்கும் தூரத்தை 6.28ஆல் பெருக்கி, குழலில் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் நீளத்தால் வகுத்தால் விலகும் கோணம் ரேடியனில் கிடைக்கும், அதைத் தூரத்தால் பெருக்கினால் விலகல். வேகம் இந்தக் கணக்கில் வராது. வேகமாகப் போகும் குண்டு வேகமாகச் சுழலும், இரண்டும் அடிபட்டுப் போகும்.

10 அங்குலத்துக்கு ஒரு சுற்று கொண்ட குழலை எடுத்துக்கொள்வோம். எடை மையம் லேத் பட்டறைக்காரர்கள் சொல்லும் ஒரு தௌவில் (ஆயிரத்தில் ஒரு அங்குலம்) பத்தில் ஒரு பங்கு தள்ளியிருக்கிறது. அதாவது 0.0025 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 100 மீட்டர் தூரத்தில் அந்தக் குண்டு 6.3 மி.மீ. விலகியிருக்கும். பெட்டியில் உள்ள ஒவ்வொரு குண்டும் இதே அளவு தள்ளியிருந்து, கனமான பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் இருந்தால், இந்த ஒரு காரணத்தாலேயே 12 மி.மீ.க்கு மேல் அகலமான வளையமாகத் துளைகள் விழும். வேறு எந்தப் பிழையும் வேண்டியதில்லை.

அச்சு சாய்ந்திருப்பதால் வெளியே வந்தபின் காற்று குண்டைப் பிடித்துத் தள்ளுவது தனிக் கணக்கு. அது இதோடு கூடும். அந்தப் பக்கம் இப்போது போகவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படித் தள்ளியிருக்கும் குண்டின் மொத்த எடை சரியாகவே இருக்கலாம், நீளமும் சரியாகவே இருக்கலாம். தராசும் காலிப்பரும் அதை நல்ல குண்டு என்றே சொல்லும்.

உறை எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் விஷயம்

மேன் பெரும்பாலும் ஈயக் குண்டுகளோடு வேலை செய்தவர். இன்றைய போட்டிக் குண்டு செப்புக் கலவை உறையும் ஈயக் கருவும் கொண்டது. உறையின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் உள்ளே இருக்கும் ஈயம் நடுவிலிருந்து விலகி உட்காரும். ஈயம் செப்பைவிடக் கனம். எடை மையம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

பெர்கர் போன்ற நிறுவனங்களின் போட்டிக் குண்டுகளில் பயன்படும் ஜே4 உறைகளுக்குச் சுவர்த் தடிமன் வேறுபாட்டின் மேல் வரம்பு 0.0003 அங்குலம். இது எவ்வளவு கறாரான வரம்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.308 அங்குலக் குண்டில் சுவர் வேறுபாடு இந்த வரம்பைத் தொடுகிறது, அதனால் உறையின் உட்குழி அதில் பாதி, 0.00015 அங்குலம், நகர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஈயத்துக்கும் உறைக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் மட்டும்தான் சமநிலையைக் கெடுக்கிறது என்பதால் எடை மையம் அதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான் நகரும், சுமார் 0.0006 மி.மீ. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில், 100 மீட்டரில் அது 1.5 மி.மீ. விலகலாகும். வரம்பின் எல்லையில் இருக்கும் உறைக்கே இவ்வளவுதான். இதைவிட மூன்று நான்கு மடங்கு மோசமான உறைகொண்ட சாதாரணக் குண்டு என்ன செய்யும் என்று வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

மேசையில் துப்பாக்கியை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் ஏன் 13, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கை விரும்புகிறார்கள் என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். வகுக்கும் எண் பெரிதானால் விலகல் குறையும். குட்டையான, இலேசான குண்டு நிலையாகப் பறக்க அந்த முறுக்கே போதும். அதற்கு மேல் சுழற்றுவது குண்டின் குறையைப் பெரிதாக்கிக் காட்டும் வேலைதான். 1973இல் மேக் மெக்மில்லன் என்ற பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர் 100 கஜத்தில் ஐந்து குண்டுகளின் துளை மையங்களும் 0.009 அங்குலத்துக்குள் அடங்கும்படி சுட்டார். அந்தச் சாதனை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நின்றது. அப்படி ஒரு குரூப் வர வேண்டுமென்றால் குண்டு உள்ளுக்குள்ளேயே சீராக இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து பிரித்தெடுத்து அந்தத் தரத்தைக் கொண்டுவர முடியாது.

மேனின் மூக்கு, அடிச் சோதனைகளும் இன்றைய தயாரிப்பில் நேரடியாகத் தெரிகின்றன. வழக்கமான ராணுவக் குண்டில் உறையை மூக்குப் பக்கம் மூடி, அடிப்பக்கம் திறந்து விடுவார்கள். ஈயத்தை அடிவழியாக இட்டு விளிம்பை மடிப்பார்கள். மூக்கு அழகாக இருக்கும், அடி சுமாராக இருக்கும். போட்டிக் குண்டில் இது தலைகீழ். அடி முழுதாக மூடிய உறை, மூக்கு நுனியில் சின்னத் திறப்பு. அந்த நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரம் பிசிறடித்து, கோணலாக, குண்டுக்குக் குண்டு வேறாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. அழகு முக்கியமில்லாத இடத்தில் அழகை விட்டுக்கொடுத்து, முக்கியமான இடத்தில் ஒழுங்கை வாங்கியிருக்கிறார்கள். சியரா நிறுவனம் 300 மீட்டர் போட்டிக்காக 1959இல் கொண்டுவந்த 168 கிரெய்ன் குண்டு இந்த வகை. அமெரிக்க ராணுவத்தின் பழைய போட்டித் தோட்டாவான எம்118இல் முழு உறை போட்ட 173 கிரெய்ன் குண்டு இருந்தது. அதற்கு அடுத்து வந்த எம்852 இந்த 168 கிரெய்ன் குண்டுக்கு மாறியது.

எடை போடுவதால் என்ன கிடைக்கிறது

சரி, தராசுக்கு வருவோம். 175 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 790 மீட்டர் வேகம். 0.1 கிரெய்ன் வித்தியாசம் என்பது எடையில் 0.06 சதவீதம்கூட இல்லை. வேகத்தில் அதன் விளைவு அதில் பாதி என்று வைத்தாலும் வினாடிக்குக் கால் மீட்டருக்குக் கீழே. நன்றாக நிரப்பிய தோட்டாக்களிலேயே ஒரு சுடுக்கும் அடுத்த சுடுக்கும் இடையே வேகம் வினாடிக்குச் சில மீட்டர் ஆடுவது சகஜம். அந்த ஆட்டத்தில் இது காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு, கனமான குண்டு சற்று மெதுவாகக் கிளம்பினாலும் காற்றை எதிர்த்து வேகத்தைச் சற்று நன்றாகவே காப்பாற்றிக்கொள்ளும். தூரத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். 1000 கஜத்தில் மிஞ்சும் உயர வித்தியாசம் சில மில்லிமீட்டர். அமெரிக்காவில் எஃப்-கிளாஸ் என்ற நீண்ட தூரப் போட்டியில் அந்தத் தூரத்து இலக்கின் நடு வளையம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ.

அதற்காகத் தராசே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பெட்டியில் ஒரு குண்டு மட்டும் மற்றவற்றைவிட ஒரு கிரெய்னுக்கு மேல் குறைந்தால் அதை விடக் கூடாது. உள்ளே ஈயத்தில் வெற்றிடம் இருக்கலாம், வேறு தயாரிப்புத் தொகுதிக் குண்டு கலந்திருக்கலாம். வெற்றிடம் நடுவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அப்புறம் மேனின் துளை போட்ட குண்டு கதைதான். ஆக, தராசு ஒதுக்குவதற்கு உதவும். நூறு குண்டுகளை ஏழெட்டுக் குவியலாகப் பிரிப்பதற்கு அதில் பொருள் இல்லை.

அடியிலிருந்து வளைவு வரை

அளந்து பிரிப்பதில் என் கணக்கில் உண்மையாகவே பலன் தருவது ஒரு அளவு. குண்டின் அடியிலிருந்து, அதன் மூக்கு வளைவு குழல் புரியைத் தொடப்போகும் இடம் வரையுள்ள நீளம். மொத்த நீளம் வேண்டாம். மொத்த நீளத்தில் அந்தப் பிசிறடித்த நுனியும் சேர்ந்துவிடுகிறது. நுனி எங்கே முடிகிறது என்பது புரிக்குத் தெரியாது.

அளக்கும் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். காலிப்பரின் ஒரு தாடையில் கம்பரேட்டரை மாட்டி திருகை இறுக்குகிறோம். அதன் துளை குண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியது, குண்டின் வளைவு அதில் போய் உட்காரும். மூடி பூஜ்யம் வைக்கிறோம். குண்டை மூக்கு முன்னால் வைத்து உள்ளே விட்டு, இன்னொரு தாடையை அடியில் தொட விடுகிறோம். இப்போது அப்படியே படித்தால் தப்பாக வரும். குண்டு லேசாகச் சாய்ந்து நிற்கும். கட்டைவிரலால் தாடையைத் தள்ளியபடி குண்டை இரண்டு விரலால் அரைச் சுற்று உருட்ட வேண்டும். எண் இறங்கி இறங்கி ஒரு இடத்தில் நின்றுவிடும், அதுதான் அளவு. கட்டைவிரல் அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கை சூட்டில் வெகுநேரம் பிடித்த குண்டை அளக்கக் கூடாது. கம்பரேட்டர் துளை ஓரத்தில் ஒரு துளி செப்புத் துகள் ஒட்டியிருந்தாலும் எண் மாறும், அதனால் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

அளக்கத் தொடங்குமுன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே குண்டை எடுத்துப் பத்து முறை அளந்து எழுதிப் பாருங்கள். அந்தப் பத்து எண்களுக்குள்ளேயே ஒரு தௌ வித்தியாசம் வருகிறது என்றால், அரைத் தௌவுக்கு ஒரு குவியல் பிரிப்பது வீண். குண்டுகளைப் பிரிப்பதாக நினைத்துக்கொண்டு தன் கை நடுக்கத்தையே பிரித்துக்கொண்டிருப்போம். குவியலின் அகலம் கருவியும் கையும் சேர்ந்து செய்யும் பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வைத்தால் சில சமயம் ஒரு மேடு தெரியும், சில சமயம் இரண்டு மேடு தெரியும். இரண்டு தெரிந்தால் அது உண்மையான செய்தி. தொழிற்சாலையில் ஒரே வகைக் குண்டை ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டுவது உண்டு. ஒவ்வொரு அச்சும் வளைவைச் சற்று வேறு இடத்தில் முடிக்கும். பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு சகோதரக் கூட்டங்கள் இருக்கும். இவற்றைப் பிரித்து வைப்பது பயனுள்ள பிரிப்பு. ஒரே மேட்டுக்குள் ஓரத்தில் நிற்கும் நான்கைந்து குண்டுகளைக் குழல் சூடேற்றவும் காற்று பார்க்கவும் சுடும் முதல் சுடுகளுக்கு ஒதுக்கலாம்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தோட்டா நிரப்பும்போது குண்டை உள்ளே தள்ளும் தண்டு அதன் அடியைத் தொடுவதில்லை, மூக்கின் மேல் பகுதியைத் தொட்டுத்தான் தள்ளுகிறது. ஆகவே முடிந்த தோட்டாவில் குண்டின் வளைவு புரிக்கு எவ்வளவு அருகில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, தண்டு தொடும் இடத்துக்கும் புரி தொடும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம். அடியிலிருந்து அளந்த அளவு ஒன்றாக இருந்து இந்தத் தூரம் மட்டும் மாறுபடும் குண்டுகளும் உண்டு. இந்த இரண்டு இடத்தையும் மட்டுமே தொட்டு ஒப்பிடும் கம்பரேட்டர்கள் கிடைக்கின்றன. புரியிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் நன்றாகச் சுடும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அது வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியதில்லை.

மூக்கு நுனியைச் சீவிச் சமப்படுத்துவது, பிறகு கூராக்குவது ஆகிய வேலைகளின் இடம் நீண்ட தூரம். மேன் சுட்ட தூரத்தில் மூக்கு பொருட்டே இல்லை. ஆனால் 1000 கஜத்தில் நுனியின் அகலம் குண்டுக்குக் குண்டு மாறினால் காற்றுத் தடையும் மாறும். அந்தத் தடை எண்ணில் ஒரு சதவீத வேறுபாடு வந்தாலே அவ்வளவு தூரத்தில் 7, 8 செ.மீ. உயர வித்தியாசம் வரும், நடு வளையத்தின் அகலத்தில் பாதிக்கு மேல். 100 கஜத்தில் தேவையில்லாத வேலை 1000 கஜத்தில் அவசியமாகிறது.

யார் பிரிக்க வேண்டும்

பிழைகள் ஒன்றோடொன்று நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன. துப்பாக்கி, சுடுகிறவர், காற்று, குண்டு எல்லாம் சேர்ந்து 100 மீட்டரில் 15 மி.மீ. சிதறல் என்று வைப்போம். அதில் குண்டின் பங்கு 3 மி.மீ. அந்தப் பங்கை முழுதாக நீக்கிவிட்டாலும் 225இலிருந்து 9ஐக் கழித்து மூலம் எடுத்தால் 14.7 மி.மீ. இலக்குத் தாளில் தெரியாது. ஆனால் மொத்தச் சிதறல் 4.5 மி.மீ. மட்டுமே உள்ள பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கியில் அதே 3 மி.மீ.யை நீக்கினால் 3.4க்கு வந்துவிடும். நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

மேன் கான்கிரீட் தூணையும் வி படுக்கையையும் முதலில் கட்டியதன் அர்த்தம் இதுதான். மற்றவற்றைச் சுருக்கிய பிறகே குண்டின் பங்கு கண்ணுக்குத் தெரியும். 15 மி.மீ. சுடுகிறவர் பிரிப்பதற்குச் செலவழிக்கும் மாலைகளைக் குறி பிடிக்கும் பயிற்சியிலும் காற்றைப் படிப்பதிலும் செலவழித்தால் பல மடங்கு பலன் வரும். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் அளப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பயிற்சியில் அது கிடைப்பதில்லை.

பிரித்தது உதவியதா என்று சோதிக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். பிரித்த குண்டுகளில் ஐந்து, பிரிக்காதவற்றில் ஐந்து என்று சுட்டு முடிவு சொல்லிவிடக் கூடாது. ஐந்து துளைக் குரூப் அதிர்ஷ்டத்தில் பாதியாகச் சுருங்கும், இரண்டு மடங்காக விரியும். இரு வகைத் தோட்டாக்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, எது எந்த வகை என்று சுடுகிறவருக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொன்றிலும் இருபதுக்குக் குறையாமல் சுட வேண்டும். அதையும் காற்று அமைதியான ஒரு நாளில் செய்ய வேண்டும்.

மேனே எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கைக்கு எட்டிய எல்லாக் காரணங்களையும் நீக்கிய பிறகும் சிதறல் மிஞ்சியது. அந்த மிச்சத்துக்கு எக்ஸ் பிழை என்று பெயர் வைத்து, நூலில் அப்படியே பதிவு செய்தார். பிரித்துப் பிரித்துப் பூஜ்யத்துக்குப் போய்விடலாம் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

பிரிக்கவே முடியாத தோட்டா

ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கு வருவோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில்தான். இங்கே சுடுவது .22 அங்குல விளிம்பு வெடித் தோட்டா, தனிப் பிரைமர் இல்லாமல் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும் வகை. அதை யாரும் கழற்றி நிரப்புவதில்லை, குண்டைத் தனியே எடுத்து அளக்க வழியில்லை. இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ. விட்டம். தசமப் புள்ளியில் 0.1 என்பது மையத்திலிருந்து 0.8 மி.மீ. தூரம். வழக்கமான 16 அங்குல முறுக்கில், ஈயக் குண்டின் எடை மையம் ஒரு மைக்ரான் தள்ளியிருந்தால் அந்தப் 0.8 மி.மீ. போய்விடும்.

சிலர் தோட்டாவின் விளிம்புத் தடிமனை அளந்து பிரிக்கிறார்கள், சிலர் முழுத் தோட்டாவை எடை போடுகிறார்கள். எடை வித்தியாசம் கூட்டிலிருந்து வந்ததா, மருந்திலிருந்தா, ஈயத்திலிருந்தா என்று அந்த எண் சொல்லாது. உயர்மட்டப் போட்டியாளர்கள் நம்புவது வேறு வழியை. பர்மிங்ஹாமில் எலி நிறுவனத்திலும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லப்புவா நிறுவனத்திலும் உள்ளரங்கச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. வீரர் தன் துப்பாக்கியோடு போகிறார். தோள்கட்டையைக் கழற்றிக் குழலை ஒரு பிடிப்பானில் இறுக்குகிறார்கள். காற்று இல்லாத 50 மீட்டர் சுரங்கத்தில் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் குழலுக்கு ஒத்துவரும் தொகுதி எண் கிடைத்ததும், ஒரு பருவத்துக்கு வேண்டிய மொத்தத் தோட்டாவையும் அதே எண்ணில் வாங்கிக்கொள்கிறார்கள். அதே பெயர், அதே விலை உள்ள அடுத்த தொகுதி அதே குழலில் சுமாராகத்தான் சுடக்கூடும். வேறொருவர் குழலில் அதுவே பிரமாதமாக இருக்கும்.

குண்டைத் தனியாக வாங்கி நிரப்புகிறவர்களும் இந்த வழக்கத்தைப் பின்பற்றலாம். புதுத் தொகுதி வந்தால் பழைய தொகுதியில் இருபது குண்டுகளை மீதி வைத்திருந்து, இரண்டையும் அளந்து, ஒரே நாளில் சேர்த்துச் சுட்டு, தொகுதி எண்ணை இலக்குத் தாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.